கழற்றி வைக்கிற இமைகள்

என் இடது கண்ணின் மேலிமையில் ஓரமாக ஓரிடத்தில் முடி இல்லை என்பதை முதலில் கவனித்தவள் என் மகள் கவிதா. நாமக்கல்லில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏம்மா, கண்ணைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தயா? இங்க முடியே காணோம்."

அடுப்படியில் கிடக்கிற கண்தானே, தேய்த்திருப்பேன் என்றேன். இரண்டு பேரும் அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

அடுத்து வந்த வாரங்களில் அந்த இமையில் பாதி போனது. பிறகு காதுக்குப் பின்னால், ஒரு ரூபாய்க் காசு அளவில், வழுவழுவென்று ஒரு வட்டம். வட்டங்கள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தன. புருவம் போனது. அந்த ஆண்டு மிளகு பறித்து முடிப்பதற்குள் என் உடம்பில் முடி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். எனக்கு அது அவ்வளவாக வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் பூங்கொடி. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் (பல ஊர்கள் சேர்ந்த பகுதியை மலையில் நாடு என்போம்) இருக்கிறோம். என் கணவர் பழனிசாமி எங்கள் சொந்தக் காட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலர். என் நோயின் கதையில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். மலை வளைவுகளில் பேருந்து இறங்கும்போது எனக்கு எப்போதும் குமட்டும். அன்று குமட்டவில்லை. மருத்துவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அதுவே மறந்துபோயிருந்தது. மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். என் தலையில் கட்டியிருந்த துணியை அவரே அவிழ்த்தார். பூதக்கண்ணாடி போன்ற ஒன்றை வைத்துத் தோலைப் பார்த்தார்.

"இது அலோபீசியா ஏரியேட்டாம்மா" என்றார். (உடலின் நோய் எதிர்ப்பாற்றல் ஆள் தெரியாமல் தன் முடி வேர்களையே தாக்குவது. புழுவெட்டு என்று நம் பக்கம் சொல்வார்கள். இதில் புழு எதுவும் கிடையாது.) என்னுடையது அதிலும் முற்றிய வகை, தலையைத் தாண்டி உடம்பு முழுக்கப் பரவியது.

"இது ஒட்டுமாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

"உசுருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றேன் நான்.

"ஆகாது. ஆனா முடி திரும்ப வரும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. வரலாம். வந்தது போகலாம். மருந்து தர்றேன், பார்ப்போம்."

ஸ்டீராய்டு மாத்திரை (நோய் எதிர்ப்பாற்றலின் வேகத்தை அடக்கும் மருந்து) கொடுத்தார். தைராய்டும் சர்க்கரையும் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். மாத்திரையில் என் முகம் உப்பியது. பசி பேயாகப் பிடித்தது. தலையில் பூனை ரோமம் போல ஏதோ முளைத்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோது அதுவும் உதிர்ந்தது. அந்த இரண்டாவது உதிர்வுதான் என்னை உடைத்தது. முதல் தடவை எனக்கு என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்கவில்லை.

இமைமுடி எதற்கு என்று அது இருக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. அது போன பிறகு வியர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்குகிறது. தூசி, அரிசித் தவிடு, சின்னப் பூச்சி எல்லாம் கேட்காமல் உள்ளே வருகின்றன. கண் எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். நான் அழுகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பவர் இல்லாத கண்ணாடி ஒன்று போடச் சொன்னார் மருத்துவர். இன்றும் போடுகிறேன். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன், முதலில் ஒரு கண்ணாடி வாங்குங்கள்.

ஊரில் பேச்சு தொடங்கியது. சாமிக் குற்றம் என்றார்கள். சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன், தோல்தான் எரிந்தது. என் மாமியார் மனம் பொறுக்காமல் ஒருநாள் சொன்னார்.

"பெரியசாமி கோயிலுக்கு முடி எறக்கறேன்னு வேண்டிக்க சாமி. எல்லாம் சரியாப் போயிரும்."

"எந்த முடியைங்க அத்தை?" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பெற்றோர்களில் சிலர் தலைமை ஆசிரியரிடம் போய், இந்த அம்மா சமைத்துப் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்றார்கள். அவர் அடிவாரத்திலிருந்து தினமும் வண்டியில் மலையேறி வருகிறவர், கெட்ட மனிதர் இல்லை. சண்டைக்குப் பயந்தவர்.

"கொஞ்ச நாள் லீவுல இருங்க பூங்கொடி. பேச்சு அடங்கட்டும்" என்றார்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணினேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? இருங்க, கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்."

அப்படி வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் எனக்கு இமைமுடி வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடியில் பார்த்தால் முகம் பாதியில் அழித்துவிட்ட படம் போல இருந்தது. கண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பேருந்தில் முன்பின் தெரியாத பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்து, "கேன்சருங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றால் நம்பவில்லை. எனக்கு என் முகம் வேண்டும் என்றிருந்தது. அது அழகாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. தூசி தடுப்பதற்கு என்று காரணம் சொல்லி அந்த ஆசையைக் கௌரவமாக்க நான் விரும்பவில்லை.

கவிதாவிடம் போனில் சொன்னேன். அவள் இணையத்தில் தேடி, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு பெண்ணின் பக்கத்தை அனுப்பினாள். மலிவான ஒட்டுமுடியில், முடிகளைக் கோத்திருக்கும் பட்டை தடிமனாக இருக்கும், இமையைக் குத்தும், உயர்தரமாக எடுத்துவிடு என்றாள். விற்கிறவளுக்கு நானே செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"பிரைடலா, பார்ட்டியா மேடம்?"

இரண்டும் இல்லை, எனக்குச் சொந்த இமைமுடியே கிடையாது, நோயில் போய்விட்டது, வெறும் தோலில் ஒட்டுமா என்று கேட்டேன். பிறகு அந்தப் பெண் குரல் பதிவே அனுப்பினாள். "அக்கா, இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தெரியலைன்னு சொல்றதுதான் நியாயம். இருக்கறதுலயே லேசான பட்டை எடுங்க. கண்ணுக்கு ஏதாவது பண்ணுச்சுன்னா உடனே கழட்டிருங்க."

தெரியாது என்று சொன்ன விற்பனைக்காரியை நம்பலாம் என்று தோன்றியது. வாங்கினேன்.

வீட்டில் அன்று பெரிய பேச்சு. மாமியாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "வேலையே போற மாதிரி இருக்குது. இப்பப் போயி மயிரு வாங்கறாளாம், அதுவும் ஒட்டற மயிரு" என்றார். கணவர் கோபிக்கவில்லை. அவர் சொன்னது வேறு.

"எனக்காகன்னா வேண்டாம் கண்ணு. நீ இப்படி இருந்தாலே எனக்குப் போதும்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"உங்களுக்காக இல்லீங்க. எனக்கு."

எங்கள் ஊர்வரை கூரியர் வராது. அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் எங்கள் மிளகை வாங்கும் கடைக்காரரின் முகவரியைக் கொடுத்திருந்தேன். சந்தை நாளில் மிளகு மூட்டையோடு நானும் இறங்கினேன். கடை நிறைய ஆட்கள். அவர் பொட்டலத்தை எடுத்து நீட்டி, "மருந்துங்களா?" என்றார் இரக்கத்தோடு.

தலையாட்டிவிட்டு வாங்கி வந்திருக்கலாம். "இல்லீங்க. ஐலேஷ். கண்ணுல ஒட்டற முடி" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் பொட்டலத்தை இன்னொரு தடவை பார்த்தார். "ஓ" என்றார். கடை பழையபடி நடந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

முதல் தடவை ஒட்டியபோது கை பழகாததால், ஒன்று புருவத்துக்குப் பாதி வழியில் உட்கார்ந்தது. இன்னொன்று விரலோடு வந்துவிட்டது. சாயங்காலம் வரை போராடி இரண்டையும் ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீளம் வெட்டாததால் அவை சாமரம் போல இருந்தன. என் கணவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"கூத்துக் கட்டப் போறயா புள்ள?"

"ஆமாங்க. நீங்க மிருதங்கம் எடுங்க."

மறுநாள் காலை இரண்டு இமைகளும் வீங்கி மூடிக்கொண்டன. கண்ணைத் திறக்க முடியவில்லை. வெடிச்சத்தம் போல ஒரே பேச்சு வீட்டில், நான் சொன்னேன் நான் சொன்னேன் என்று. ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சேலம் போனேன். மருத்துவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"பசையில லேடெக்ஸ் இருந்திருக்கு" என்றார். (ரப்பர்ப் பாலிலிருந்து எடுப்பது, சிலருக்கு ஒவ்வாமை தரும்.) "ஐலேஷ் போடுறதுல தப்பு இல்ல. சோதிக்காம போட்டதுதான் தப்பு. லேடெக்ஸ் இல்லாத பசையா பார்த்து வாங்குங்க. முழங்கை மடிப்புல ஒரு பொட்டு வச்சுப் பாருங்க. ஒரு நாள் விட்டு அரிக்கலைன்னா அப்பறம் கண்ணுக்குப் போங்க."

"போடவே வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க."

"நான் ஏன் சொல்றேன்? உங்க கண்ணு."

அவர் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஒட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. கழற்றிய பிறகு இமை ஓரத்தைக் குழந்தைகளுக்கான ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளெஃபரைட்டிஸ் (இமை ஓரம் புண்ணாகி வீங்குவது) வரும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது. கண் சிவந்திருக்கும் நாளில் தொடவே கூடாது. என்னைப் போல் சொந்த முடி இல்லாதவர்கள் முதலில் மைப் பென்சிலால் இமை ஓரத்தில் மெல்லிய கோடு போட்டுக்கொண்டால், பட்டை எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். இந்தக் கடைசி யோசனை மட்டும் என்னுடையது.

வீக்கம் வடிந்ததும் வேறு பசை வாங்கினேன். கவிதா வந்திருந்தபோது நகம் வெட்டும் கத்தரியால் ஒட்டு இமைமுடிகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுத்தாள். இந்த முறை சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் ஒரு பெண் என்னைப் பார்த்தாள். பழைய பூங்கொடி என்று சொல்ல மாட்டேன், பழைய பூங்கொடிக்கு இவ்வளவு நல்ல இமைகள் இருந்ததில்லை.

அதோடு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். பின்வரிசையில் உட்காரச் சொன்ன நாத்தனாரைத் தாண்டிப் போய், தட்டு மாற்றும் இடத்தில் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே என்னைப் பார்த்த தலைமை ஆசிரியரின் முகம் மலர்ந்தது. தனியாகக் கூப்பிட்டார்.

"பூங்கொடி, நல்லா இருக்குது. இது மாதிரி ஒட்டிக்கிட்டு, தலைக்கு ஒரு விக்கும் வச்சுக்கிட்டு நீங்க வேலைக்கு வந்துட்டா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. கூட்டமே தேவையில்லை."

வீட்டில் போடாதே என்றார்கள். இவர் போட்டால்தான் வேலை என்கிறார். என் இமையில் எல்லாருக்கும் ஒரு பங்கு இருந்தது.

"கூட்டம் வைங்க சார். வாரேன்" என்றேன்.

கூட்டம் பள்ளி வராந்தாவில் நடந்தது. பெற்றோர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் பின்னால் சுவரோரம் நின்றார். நான் இமைகளை ஒட்டிக்கொண்டு, தலையில் சுத்தமான பருத்தித் துணி கட்டிக்கொண்டு போயிருந்தேன். முதலில் பேசியவன் வேலுச்சாமி. லாரி ஓட்டுகிறவன், அவன் மகள் மூன்றாம் வகுப்பு.

"அக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. ஆனா இது ஏதோ வியாதி. புள்ளைங்க திங்கற சோறு. முடி உழுகற வியாதிக்காரங்க சமைச்சா, சோத்துல ஒரு முடி உழுந்தாக்கூட..."

"வேலு," என்றேன், "எந்த முடி சாமி?"

தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தேன். அந்தத் தலையை வெளியாட்கள் முழுதாகப் பார்த்தது அன்றுதான். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இந்த மலையில சமைக்கறவங்கள்லயே சோத்துல முடி உழுகாத ஒரே ஆளு நான்தானுங்க. ஒட்டற வியாதியும் இல்லை, டாக்டரம்மா சொல்லியாச்சு. நம்பிக்கை இல்லைன்னா என்ற ஊட்டுக்காரரப் பாருங்க. தெனமும் என்ற கையில சாப்பிடறாரு, என்ற பக்கத்துல படுக்கறாரு. அவரு தலையைப் பாருங்க."

எல்லாரும் திரும்பினார்கள். என் கணவருக்குக் காடு போல் முடி. அவர் வெட்கப்பட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளப் போனார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு அதை எடுத்துத் தோளில் போட்டார். நிமிர்ந்து நின்றார்.

தலைமை ஆசிரியர் இடையில் வந்தார். "நான்தான் அவங்ககிட்டச் சொன்னேன், இந்த ஐலேஷையும் விக்கையும் வச்சுக்கிட்டு வரட்டும்னு. பார்க்க ஒண்ணும் தெரியாது."

"சார், சமையலுக்கு இதைப் போட மாட்டேனுங்க" என்றேன். வலது கண்ணில் ஒட்டியிருந்த இமையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பிறகு இடது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "கூட்டத்துக்குன்னு ஆசைப்பட்டுப் போட்டுட்டு வந்தேன். எனக்குப் புடிச்சிருக்குது. சந்தைக்குப் போடுவேன், கல்யாணத்துக்குப் போடுவேன், சும்மா ஊட்டுல உக்காந்திருக்கறப்பவும் போடுவேன். ஆனா சாதம் வடிக்கற ஆவியில இந்தப் பசை எளகும். எளகினா சாம்பார்லதான் உழுகும். அதனால இது சமையல் ரூமுக்குள்ள வராது. நான் வருவேன். இந்த மூஞ்சியோடதான் வருவேன்."

கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பதறிப்போய், "அழுவாதீங்க அக்கா" என்றாள்.

"அழுவலை கண்ணு. பசை எரியுது."

இமைகளைச் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அதே பெண்தான் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பிக் கேட்டாள், "அப்ப நாளைக்கு முட்டை உண்டுங்களா சார்? இந்த அக்கா இல்லாம சாம்பாரெல்லாம் ஒரே உப்பு." அவர் சரி என்று தலையாட்டினார். மறுநாள் நான் வேலைக்குப் போனேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சில வீடுகளிலிருந்து பிள்ளைகளுக்கு டப்பாவில் சோறு வந்தது. கொஞ்ச காலத்தில் பெரும்பாலும் நின்றது. வேலுச்சாமியின் வீட்டு டப்பா மட்டும் நிற்கவில்லை. வழியில் பார்த்தால் அவன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். நான் குனிவதில்லை. அவனுக்காக என் முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

மருந்தை நிறுத்திவிட்டேன். வேறு மாத்திரைகள் இருக்கின்றன என்று மருத்துவர் சொன்னார். அவற்றுக்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், இறங்கி ஏற வேண்டும். யோசித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். எடுத்துக்கொள்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் உடம்புக்கு எது என்று உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து வீட்டோடு பேசாதீர்கள்.

நோயின் தொடக்கத்தில் எனக்குக் காலம் இரண்டாகப் பிரிந்திருந்தது. முடி இருந்த காலம், முடி வரப்போகும் காலம். நடுவில் இருந்ததை நான் வாழ்க்கையில் சேர்க்கவில்லை. அக்காள் வீட்டுக்குப் போவதை, படம் எடுத்துக்கொள்வதை எல்லாம் "வந்த பிறகு" என்று தள்ளி வைத்தேன். அந்த நடுக்காலம்தான் என் காலம் என்று புரிய இவ்வளவு நாள் ஆயிற்று. உடம்பும் மாறிவிட்டது. சாரல் என் கண்ணில் நேராக விழுகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இமையின் வெறும் ஓரம் சொல்லிவிடுகிறது. இது எனக்குக் குறை வைத்த உடம்பு என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது இது எனக்குப் பழகிய உடம்பு.

இன்று காலை முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது வலது இமையில் நாலைந்து முடிகள் தெரிந்தன. வெள்ளையாக, குட்டையாக. எப்போது முளைத்தன என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. தினமும் அதே கண்ணாடியில்தான் பார்க்கிறேன், ஆனால் நான் தேடாமல் இருந்திருக்கிறேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று வாய்வரை வந்தது. இருக்கட்டும், சாயங்காலம் அவராகப் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அரிசி களைய நேரமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.